நாற்பத்து நான்காம் நாள்

முதலில் தொட்டி.
கழற்றிக் குலுக்கினால் கிலுகிலுப்பைச் சத்தம்.
உள்ளே பெட்ரோல் இல்லை, காய்ந்த மண்.
குளவிகள் இருபது வருஷம் வாடகையில்லாமல்
குடியிருந்து போயிருக்கின்றன.

தொட்டி புதிதாகவே கிடைக்கிறது ஒமாஹாவில்,
பெட்டியோடு, ரசீதோடு.
பம்பும் கிடைத்தது. இரும்புக் குழாயை
எங்கெங்கே வளையவேண்டுமோ அங்கங்கே வளைத்தே
லாரியில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ரப்பர் குழாய்தான் சங்கடம்.
எனக்கு ஹேஸ்டிங்ஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
சோளத்தைப் புளிக்கவைத்து, வடித்து,
பெட்ரோலில் கலக்கச் சாராயம் அனுப்புகிறோம்.
அந்தச் சாராயம் பட்டால்
பழைய ரப்பர் கூழாகிவிடும்.
எனக்குச் சோறு போடுவதே
என் காரின் குடலைத் தின்கிறது.
இதை ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை.

மிஞ்சியது கார்புரேட்டர்.
எழுபதாம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் இது.
மேல்மூடி என்னிடம் இருக்கிறது, அடித்தட்டு இருக்கிறது,
நடு உடல் இல்லை.
எண்ணைப் பொறித்திருப்பது அந்த உடலின் இடது விலாவில்,
எண்ணுக்குக் கீழே நாள்.
கார் பிறந்தது மார்ச்சில்.
அப்படியென்றால் உடலை வார்த்த நாள்
பிப்ரவரியில் எங்கோ இருக்கவேண்டும்.
வேறு மாதத்து உடலைப் பூட்டினாலும் ஓடும்.
ஓடும்தான்.

மூன்று முறை ஏலத்துக்கு வந்தது.
மூன்று முறையும் டபிள்யூ. ஸ்ட்ராட்மன் என்று ஒரு ஆள்
முந்திக்கொண்டார்:
முதலில் பத்து டாலர் கூட்டி,
பிறகு நான்கு,
ஜூலையில் வெறும் ஒரு டாலர்.
கொதிகலன் பக்கத்தில் நின்றுகொண்டு
அந்தப் பெயரை வாய்விட்டு வைதிருக்கிறேன்,
இரைச்சலில் எனக்கே கேட்காதபடி.

அக்டோபரில் கிராண்ட் ஐலண்டுக்குப் போனேன்.
மாடுகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகையில்
பழைய உதிரிகள் சந்தை. தார்ப்பாயைப் பிடுங்கும் காற்று.
ஒரு மடக்கு மேஜை, காப்பி டப்பாக்களில்
ஊசி, திருகு, பித்தளை மிதவை.
பக்கத்தில் வாளி, அதில் வெள்ளைப் பெயின்ட்டில்
ஸ்ட்ராட்மன், கியர்னி.
மேஜையில் வரிசையாக மூன்று உடல்கள்.

பெயரைச் சொன்னேன்.
“எம். ஹ்ராபிக்? நான் ஆம்பளை என்றல்லவா நினைத்தேன்.
உங்களால் எனக்கு இருநூறு டாலர் நஷ்டம்.”

முதல் உடலில் விரிசல்.
இரண்டாவது நவம்பர்.
மூன்றாவதைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பினேன்.
பூஜ்யம், நான்கு, நான்கு, பூஜ்யம்.
எழுபதின் நாற்பத்து நான்காம் நாள்.

“கொடுக்க மாட்டீர்கள், இல்லையா?
உங்கள் காருக்கு வேண்டியிருக்கும்.”

“கார் ஏப்ரலிலேயே போய்விட்டது.
லிங்கனில் ஒரு பல் டாக்டர்.”

“அப்புறம் ஜூலையில்
என்னோடு எதற்கு மல்லுக்கட்டினீர்கள்?”

தெர்மாஸ் மூடியைத் தேடினார்.
அது கையில்தான் இருந்தது.
“எண் கண்ணில் பட்டது,” என்றார்,
“கை போய்விட்டது.”

நான் கடைசியாகக் கேட்ட விலைக்கே கொடுத்தார்.
அந்த ஒரு டாலர் தன் கணக்கில் போகட்டும் என்றார்.
செய்தித்தாளில் சுற்றும்போது
ஒரு தாள் போதும், மூன்று தாள் சுற்றினார்.
“ஓடினால் போன் பண்ணுங்கள்.
கொண்டுவந்து காட்டவெல்லாம் வேண்டாம்.”

நவம்பர் ஒன்பது, ஞாயிறு.
நான்காவது முறை பிடித்தது.
இரண்டு காலன்தான் ஊற்றியிருந்தேன்,
முள் நிறைவைத் தாண்டி நின்றது.
தரை ஒயர் எங்கோ தொடவில்லை.
அது நாளைக்கு.
போனை எஞ்சின் பக்கம் நீட்டினேன்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.
லைன் அறுந்துவிட்டதோ என்று காதில் வைத்தபோது,
“மிதவை ஒட்டுது.
ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு. லேசாக.”

தட்டினேன்.
மூச்சு சீரானது.

“ஹ்ராபிக்,” என்றார் பிறகு,
“மேல்மூடி எதுவும் உபரியாக
உங்களிடம் இருக்கிறதா?”